பள்ளிவாசல் உத்தரமும் கத்திப்பிடியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது குர்பானிக் கத்திகளைச் சாணை பிடிப்பதும், தளர்ந்த பிடிகளை மாற்றுவதும் நம் மஹல்லாக்களில் வழக்கம். அறுக்கும் முன் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கையில் ஆடாத பிடியும் அந்தப் பணிப்பின் நோக்கத்தைச் சேர்ந்ததே.

அத்தகைய பிடிக்குப் பழைய தேக்கு மிகவும் ஏற்றது. பல்லாண்டுகள் கூரையைத் தாங்கி நன்கு உலர்ந்த மரம் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலால் பூச்சில்லாத, ஆணித்துளையும் செல்லரிப்பும் அற்ற துண்டைத் தேர்வது நலம். அடுப்புக்குப் போகவிருந்த மரம் பயன்பெறுவது, வீண்விரயத்தை வெறுக்கும் நம் மார்க்கத்திற்கு உகந்த செயலாகும்.

ஆனால், இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உருகும் பழைய இரும்பின் பூர்வீகத்தை வாங்குவோர் எவரும் விசாரிப்பதில்லை. பழைய மரத்திற்கோ அதன் பூர்வீகமே விலையைக் கூட்டுகிறது. 1897இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் கரையில் உடைந்த ஃபௌட்ராயண்ட் என்னும் போர்க்கப்பலின் மரம், கைத்தடிகளாகவும் நினைவுப்பொருள்களாகவும் விற்கப்பட்டது. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பழைய பள்ளிவாசலை இடித்துக் கட்டும்போது இறங்கும் உத்தரங்களும் தூண்களும் யாருடையவை? இடிப்பவருக்குக் கூலியோடு சேர்த்து அவற்றையும் விட்டுவிடலாமா?

கூடாது. அவை வக்ஃப். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில், உடைந்து எரிப்பதற்கு மட்டுமே உதவும் நிலையிலுள்ள பள்ளிவாசல் மரங்களை விற்பது கூடும் என்பதையே சரியான கருத்தாகக் கொள்கிறார்கள். பலகையாகவோ கதவாகவோ ஆக்க இயலும் மரத்தை விற்கலாகாது என்று விளக்கவுரையாளர்கள் தெளிவுபடுத்துகின்றனர். ஹனஃபி மத்ஹபிலும், இடிபாட்டுப் பொருளை அந்த வக்ஃபின் கட்டுமானத்திற்கே செலவிட வேண்டும். இப்போது தேவையில்லையெனில் தேவைப்படும்வரை பாதுகாக்க வேண்டும். அதுவும் இயலாதபோதே விற்று, தொகையைப் பழுதுபார்ப்புக்கு ஆக்க வேண்டும்.

“மழையில் மக்கும் மரத்திற்கு இவ்வளவு கணக்கா?” எனச் சிலர் கேட்கலாம். அந்த மரத்தை அளித்தவர் தம் கப்றுக்கு நன்மை வந்துகொண்டிருக்க வேண்டும் என்று நாடியே அளித்தார். அதை மக்கவிடுவதும் அலட்சியம், வாரிக்கொடுப்பதும் மோசடி.

ஆகவே, இடிக்கும் முன்பே ஜமாஅத்தார் மரங்களை எண்ணிப் பதிவு செய்யட்டும். நிலைக்கும், கிதாபு அலமாரிக்கும், மிம்பர் படிக்கும் முதலில் பயன்படுத்தட்டும். எதற்கும் உதவாத துண்டுகளை மட்டும், ஆலிம்களிடம் கேட்டறிந்து, வக்ஃப் வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டு, பகிரங்கமாக விற்று ரசீது கொடுக்கட்டும். அவ்வாறு வந்த துண்டில் பிடி செய்வதில் குற்றமில்லை. விற்பவர் அதன் பூர்வீகத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் மரம் என்பதால் கத்திக்குத் தனி பரக்கத் உண்டென்று கூறி விலையேற்றக் கூடாது.

குர்பானி அல்லாஹ்வுக்காக. அதை அறுக்கும் கத்தியின் பிடியிலும் பிறர் அமானத் கலந்துவிடாதிருக்க வல்ல ரஹ்மான் நம்மைக் காப்பானாக. ஆமீன்.