வினாநிரலுக்கு முன் ஒரு வினா

ஆய்வு என்றவுடன் வினாநிரலை அச்சிடப் புறப்படும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எம் பள்ளிக்கு வரும் பயிற்சி ஆசிரியரிடம், "ஏன் இம்முறையைத் தேர்ந்தீர்கள்?" என வினவினால், "எளிது ஐயா, நூறு பேரிடம் ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்பதே விடை. அவரை மட்டும் நோவதற்கில்லை. பயிற்சிக் காலத்தில் நானும் அங்ஙனமே செய்தேன். ஆயினும், வசதி கோட்பாடாகுமா?

முறை என்பது வெறும் கருவியன்று. சமுதாயம் யாது, அதனை அறிவது எங்ஙனம் என்னும் கொள்கை ஒவ்வொரு முறைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. 1897இல் 'தற்கொலை' என்னும் நூலை வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் எமில் டர்கைம், சமுதாய நிகழ்வுகளைப் பொருள்களைப் போலப் புறத்தே நின்று நோக்க வேண்டும் என்று கருதியவர். ஆகவே அரசாங்கப் புள்ளிவிவரங்களைக் கையாண்டார். கத்தோலிக்கரைவிடப் புரோட்டஸ்டண்டினரிடையே தற்கொலை மிகுதி எனக் கண்டு, சமூகப் பிணைப்பின் தளர்ச்சியே காரணம் என்றார். கொள்கையும் முறையும் அவரிடத்தில் பொருந்தி நின்றன.

அவரை மறுத்தவரும் உளர். ஓர் இறப்பைத் தற்கொலை எனத் தீர்மானிப்பவர் அதிகாரி. அவரிடம் உண்மையை மறைக்க முயல்வோர் உற்றார் என்று 1967இல் ஜாக் டக்ளஸ் சுட்டினார். நெருங்கிப் பிணைந்த சமூகத்தில் மறைப்பதற்கு ஆளும் மனமும் மிகுதி. அங்ஙனமாயின், எண்ணிக்கை குறைந்தது தற்கொலை குறைந்ததாலா, மறைப்பு மிகுந்ததாலா? மனிதர் தம் செயலுக்குக் கொள்ளும் பொருளை உணரவேண்டும் என மாக்ஸ் வெபர் வற்புறுத்தியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். 'தந்தை பாடத்தில் உதவுகிறாரா? ஆம்/இல்லை.' எம் மாணவன் ஒருவன் 'இல்லை' எனக் குறித்தான். அவன் தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, மகனைப் பள்ளி வாயிலில் விட்ட பின்னரே உறங்கச் செல்பவர். அறிக்கையிலோ அவர் 'அக்கறையற்ற பெற்றோர்' கட்டத்துள் அடைபட்டார். நம் மக்களைப் பற்றி நாமே எழுதிய பொய் அது!

எண்ணே வேண்டா என்பேன் அல்லேன். எத்தனை பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்தினர் என்பதை எண்ணித்தான் அறியவேண்டும். ஏன் நிறுத்தினர் என்பதை அவர்தம் வீட்டில் அமர்ந்து கேட்டுத்தான் அறியவேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் போதும் என்பர் சிலர். எக்கேள்விக்கு எம்முறை எனத் தெளியாமல் கலப்பது, ஒரு குழப்பத்தோடு மற்றொன்றைக் கூட்டுவதே.

இனி எம் பள்ளிக்கு வினாநிரலோடு வருபவர், தாம் அறிய விரும்புவது யாது, அதற்கு இம்முறை ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். அதனைப் படித்த பின்னரே வகுப்பறைக்குள் அனுப்புவேன்.