திரை யாருக்காக?

நிலத்தைப் பிளந்து நெருப்பைக் கண்ட ஊர் நெய்வேலி. சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தென்பட்ட பழுப்பு நிலக்கரி, 1956 நவம்பர் 14 இல் ஒரு பெரும் பொதுத்துறை நிறுவனத்துக்கு வித்தாயிற்று. மண்ணுக்கடியில் கிடந்தது மேலே வந்தது; வீடுகள் ஒளி பெற்றன. கோப்புக்குள் கிடப்பதும் மேலே வரவேண்டாமா? அதற்கென்றே அமர்த்தப்பட்டவர்தாம் பொதுத் தகவல் அலுவலர்.

1997 இலேயே தமிழ்நாடு தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 இல் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் விடை. உயிர் பற்றியதாயின் 48 மணி நேரம். ஏன் கேட்கிறாய் என்று வினவும் உரிமை அலுவலருக்கு இல்லை! தக்க காரணமின்றிக் காலம் கடத்தினால், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் அவர் தலையில் விழும்.

இப்போது புதியதொரு திரை நெய்யப்பட்டிருக்கிறது. 2023 ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் கை வைத்தது. 2025 நவம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. தனிநபர் செய்தியாயினும் பொதுநலன் கருதித் தரலாம் என்றது பழைய விதி. நாடாளுமன்றத்துக்கு மறுக்கவொண்ணாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்றது. அவ்விரண்டும் அங்கிருந்து அகற்றப்பட்டன. 'தனிநபர் செய்தி' என்ற இரு சொற்களே இனி மறுப்புக்குப் போதும்!

விளைவென்ன? நெய்வேலியையே பாருங்கள். நிலம் கொடுத்தோர் பெயரால் வேலை பெற்றவர் யாவர் என்று நிலமிழந்த உழவன் கேட்கிறான். பெயர், தனிநபர் செய்தியாம்! 2020 மே, சூலைத் திங்களில் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் மாண்டனர். இத்தகைய விபத்தில் பொறுப்பேற்க வேண்டிய அதிகாரி யார் என்று கேட்டால், அதுவும் தனிநபர் செய்தியாம்! 2023 சூலையில் வளையமாதேவியில் நெற்பயிரின்மீது மண்வாரி எந்திரங்கள் ஏறியதை நாடே கண்டது. அங்கே இழப்பீடு பெற்றவர் பட்டியலைக் கேட்டாலும் அதே விடை கிடைக்குமெனில், உரிமை என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? 1994 இல் இராசத்தானத்துச் சிற்றூர்களில், கூலிப் பட்டியலில் இருந்த பெயர்களை ஊர் நடுவே உரக்கப் படித்தனர். பொய்க் கணக்கு அம்பலமாயிற்று. பெயரை மறைத்திருந்தால் திருட்டும் மறைந்திருக்கும்.

தனிமனிதனின் அந்தரங்கம் வேண்டாமா என்று கேட்பர். வேண்டும்! அது அடிப்படை உரிமை என்று 2017 இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் உரைத்தனர், நாமும் வரவேற்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளியின் நோய்க் குறிப்பை, வங்கிக் கணக்கை, ஆதார் எண்ணை எவரும் எட்டிப் பார்த்தல் கூடாது. எளியவனுக்கு அது கேடயம். ஆனால் பொதுப் பணத்தைக் கையாளும் வலியவன் அதே கேடயத்தின் பின்னால் ஒளிவதா?

நெய்வேலிக்கு அணித்தே சிதம்பரம் இருக்கிறது. அங்கே திரைக்குப் பின்னால் இரகசியம் என்பர். விலக்கிப் பார்த்தால் வெட்டவெளி. அலுவலகத்துத் திரையோ அத்தகையதன்று. அதற்குப் பின்னால் ஒருவனது வயலும், இன்னொருவனது வேலையும், மூன்றாமவனது உயிரும் கிடக்கின்றன.

அலுவலர் நண்பரே! உமது அச்சத்தை அறிவோம். தகவலை மறுத்தால் தண்டம் 25,000 ரூபாய். தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கோ 250 கோடி வரை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எதற்கு அஞ்சுவீர் என்று ஊகிக்கப் பேரறிவு தேவையில்லை. எனினும் வழி அடைபடவில்லை. தீங்கினும் பொதுநலன் மிகுமாயின் தகவலைத் தரலாம் என்னும் எட்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்றும் உயிரோடிருக்கிறது. மறைக்கத்தக்கதை மறைத்து எஞ்சியதைக் கொடு என்கிறது பத்தாம் பிரிவு. வங்கி எண்ணின்மேல் மை பூசும். பயனாளியின் பெயரை விட்டுவையும்!

இளைஞர்களே! மறுப்புக் கடிதம் வந்தால் மடித்து வைக்காதீர். அவ்விரு பிரிவுகளையும் எடுத்துக்காட்டி மேல்முறையீடு செய்வீர். அங்கும் மறுத்தால் தகவல் ஆணையத்தின் கதவைத் தட்டுவீர். அகற்றப்பட்ட பொதுநல விதியை மீட்கக் குரல் கொடுப்பீர். கேள்வி கேட்பதே பகுத்தறிவின் தொடக்கம். விடை வரும்வரை கேட்பதே அதன் வீரம்!