கல்லின் முன்னால் நிற்கும் எஞ்சின்

தொடர்ந்து மூன்று ஞாயிறு, யோர்க்‌ஷயர் சேற்றுக்குள் என் மகளின் ட்ரயல்ஸ் பைக் ஒரே மாதிரி நின்றது. கல்லுக்கு முன்னால் த்ரொட்டிலைத் திறப்பாள். எஞ்சின் ஒரு கணம் மூச்சுப் பிடித்து, அப்படியே அணைந்துவிடும்.

தெரியாதவர்களுக்கு: இந்த விளையாட்டில் வேகத்துக்கு மதிப்பில்லை. கால் ஒருதரம் நிலத்தில் பட்டால் 1 புள்ளி, இரண்டுதரம் 2, அதற்குமேல் எத்தனை தரமென்றாலும் 3, விழுந்தால் 5. குறைந்த புள்ளி எடுப்பவர்தான் வெற்றி.

நான் என்ன செய்தேன்? கயிற்றுக்கு வெளியே நின்று "பயப்பிடாமல் திற பிள்ளை" என்று கத்தினேன். மூன்றாம் வாரம் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "எனக்கு ஏலாதப்பா. பைக்கை வித்திடுவம்."

அன்றிரவு கராஜில் எஞ்சினைச் சூடாக்கி, த்ரொட்டிலைச் சட்டென்று திறந்து பார்த்தேன். அதே மூச்சுப் பிடிப்பு! பைக்கில் ஆளே இல்லை. அப்போ பயம் யாருக்கு?

கார்பரேற்றரின் காற்று ஸ்குரூவை மெல்ல மெல்ல உள்ளே திருப்பினேன். உள்ளே போகப் போக ஐடில் சீரானது. முழுக்க மூடும் நிலையிலும் இன்னும் கொஞ்சம் கேட்டது. த்ரொட்டில் திறக்கத் தொடங்கும் இடத்தில் பெற்றோல் போதவில்லை, பைலற் ஜெற் சிறிது என்று அர்த்தம். (பலர் முதலில் மெயின் ஜெற்றைத்தான் மாற்றுவார்கள். அது முழுத் த்ரொட்டிலில் வேலை செய்வது. கல்லின் முன்னால் உதவாது.) ஒரு அளவு பெரிய ஜெற் போட்டேன். சில பவுண் விலையுள்ள பித்தளைத் துண்டு. ஸ்குரூ ஒன்றரைச் சுற்று வெளியே வந்து நின்றது, தயக்கமும் போய்விட்டது.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது பிழையைத் தீர்த்தது என்று தெரியாது. கோட் எழுதுபவனுக்கு இது சொல்லத் தேவையில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் முன் ஸ்பிரொக்கற்றை 11 பல்லிலிருந்து 10 ஆக்கினேன். சில்லுக்கு 10 வீதம் கூடுதல் இழுவை. உச்ச வேகம் குறையும், அது எங்களுக்கு வேண்டாம். ஃபிளைவீலுக்குப் பாரம் பூட்டச் சொன்னவர்களும் உண்டு. எஞ்சின் லேசில் அணையாதுதான். ஆனால் சுழற்சி ஏற நேரமெடுக்கும். சிறிய எஞ்சினில் முன் சில்லைத் தூக்கும்போது அவளுக்கு அதுவே இடைஞ்சல். விட்டுவிட்டேன்.

கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "நான் அப்பவே சொன்னனான், பைக்தான் நிக்குது எண்டு" என்றாள். சொல்லியிருந்தாள்தான். நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கல்லில் ஏறிவிட்டாள். இறங்கும்போது ஒரு கால் வைத்தாள், 1 புள்ளி. "இது பைக் இல்லையப்பா, நான்தான்" என்று அவளே சொன்னாள்.