கண்ணாடி விரியனும் ஒரு பயோகெமிஸ்ட்ரி டிகிரியும்

போன வாரம் வீரசோழன் சந்தைக்குப் போயிருந்தேன். ஆடு பிடிக்க வந்த ஒரு அண்ணன் என்னை ஓரமாக் கூப்பிட்டார்.

"டாக்டர் தம்பி, எம்மக நீட்ல மார்க் பத்தலைன்னு பயோகெமிஸ்ட்ரி சேந்துருச்சு. அதுல என்ன தம்பி இருக்கு? மூணு வருசம் படிச்சு என்னத்தச் செய்யப் போவுது?"

"நல்ல படிப்புதான்ணே" என்று சொல்லிவிட்டு நழுவி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்னது பதிலே இல்லை.

அதற்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களில் பல பேருக்கு பயோகெமிஸ்ட்ரி என்பது எம்பிபிஎஸ் முதல் வருடம் பாஸ் செய்ததும் மறந்து போகும் பாடம். கொழுப்பு, அதை உடைக்கும் நொதி, அதன் வினை எல்லாம் பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம். நானும் அப்படித்தான்.

அந்தப் பாடம் எனக்கு உண்மையில் புரிந்தது ஒரு பாம்புக்கடி கேஸில்.

சில வருடங்களுக்கு முன் நரிக்குடி பக்கத்து அக்கா ஒருவர். கரிமூட்டம் போட சீமைக்கருவேலம் வெட்டப் போயிருக்கிறார். விறகை அடுக்கும்போது கணுக்காலில் கடி. கூட இருந்தவர்கள் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வேர் கொடுப்பவரிடம் முதலில் கூட்டிப் போய்விட்டார்கள். எங்களிடம் வந்து சேர நாலு மணி நேரம் ஆகிவிட்டது.

கால் முட்டி வரை வீக்கம். ஈறில் ரத்தம்.

சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்தோம். பிறகு சாய்த்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. உறையவே இல்லை. கண்ணாடி விரியன் கடிக்குரிய அடையாளம்.

விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ரத்தம் உறைய ஆரம்பித்தது. உயிர் தப்பினார். ஆனால் சிறுநீரகம் அடி வாங்கிவிட்டது. வாரக்கணக்கில் டயாலிசிஸ்.

அவர் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்: "கடிச்சது கால்ல சார். கிட்னி எப்படி சார் போகும்?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் தேடியே ஆயுளைச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. பயோகெமிஸ்டுகள்.

கொழுப்பு என்றதும் நமக்குத் தொப்பையும் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. பாஸ்போலிப்பிட் என்று பெயர். தலை ஒன்று, வால் இரண்டு.

பாம்பு விஷத்தில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்று ஒரு நொதி உண்டு. கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாலில் குறிப்பிட்ட ஒரு வாலை மட்டும் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். வெட்டுப்பட்ட வாலிலிருந்து வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் பொருட்கள் உருவாகும். மிச்சமிருக்கும் பாகம் சோப்பு மாதிரி வேலை செய்து சவ்வையே கரைக்கும்.

விஷத்தில் இது மட்டும் இல்லை. ரத்தம் உறையாமல் போவதற்கு முக்கியக் காரணம் வேறு நொதிகள். சிறுநீரகம் போவதற்கும் பல காரணங்கள் சேர்கின்றன. அதில் இந்தக் கத்தரிக்கோலுக்கும் பங்கு உண்டு.

இங்கேதான் ஒரு புதிர். இதே குடும்பத்து நொதி நம் கணையத்திலும் சுரக்கிறது. சாப்பாட்டில் உள்ள கொழுப்பைச் செரிக்க. அது நம்மைக் கொல்வதில்லை. பாம்பிடம் உள்ளது மட்டும் ஏன் கொல்கிறது? அதிலும் கட்டுவிரியனிடம் உள்ளது நரம்பைத் தாக்குகிறது, இன்னொரு பாம்பிடம் உள்ளது தசையை அழிக்கிறது. கத்தரிக்கோல் ஒன்றுதான். வெட்டும் இடம் ஏன் மாறுகிறது?

இந்தப் புதிரில் நம் பக்கத்து மாநிலத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மைசூர் பல்கலைக்கழகத்தில் டி. வீரபசப்ப கௌடா என்ற பயோகெமிஸ்ட் பாம்பு விஷ நொதிகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து வந்தார். அவரோடு வேலை பார்த்தவர் ஆர். மஞ்சுநாத கினி. பிறகு அமெரிக்கா போய், அங்கே ஹெர்பர்ட் எவன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1989-ல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்.

அதன் சாரம் இதுதான். அந்த நொதியில் வெட்டும் வாய் ஒரு பக்கம் இருக்கிறது. எந்த உறுப்பில் போய் ஒட்ட வேண்டும் என்ற முகவரி அதன் மேற்பரப்பில் வேறொரு பக்கம் இருக்கிறது. முகவரி மாறினால் தாக்கும் உறுப்பும் மாறும்.

கினி அதன்பின் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். விஷத்தில் உள்ள இந்த ஒரு நொதிக் குடும்பத்துக்காகவே 1997-ல் தனிப் புத்தகம் தொகுத்தார். பாம்பு எச்சிலில் இருக்கும் ஒரு கத்தரிக்கோலின் பின்னால் இத்தனை வருடம்!

இதனால யாருக்கு என்ன லாபம்னு கேட்கலாம். மூன்று சொல்கிறேன்.

ஒன்று. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையைச் சிதைத்துவிட்டால், அதன்பிறகு எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் அந்தச் சேதம் திரும்பாது. நரம்பு முனை தானாக வளரும் வரை வென்டிலேட்டர்தான். இது தெரிந்ததால்தான் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று நாங்கள் கத்துகிறோம்.

இரண்டு. கண்ணாடி விரியன் விஷம் இந்தியாவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதை ஜெயந்தியும் கௌடாவும் 1988-லேயே எழுதிவிட்டார்கள். நாடு முழுக்கப் போகும் விஷமுறிவு மருந்துக்கோ, விஷத்தின் பெரும்பகுதி நம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவது. அந்தச் சங்கம் இல்லையென்றால் எத்தனையோ பேர் இன்று இல்லை. ஆனால் ஓர் இடத்து விஷத்தை வைத்து எல்லா மாநிலத்துக்கும் மருந்து செய்வது போதாது என்பதற்கான ஆதாரம் ஆய்வகத்திலிருந்துதான் வந்தது.

மூன்று. வாரெஸ்ப்ளாடிப் என்று ஒரு மருந்து. இந்தக் கத்தரிக்கோலை மடக்கிவிடும். மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லாததோடு மாரடைப்பு அதிகமானதால் 2012-ல் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். தோற்ற மருந்து. 2016-ல் மேத்யூ லெவின் குழு அதே மருந்தைப் பாம்பு விஷத்தின் மேல் போட்டுப் பார்த்தது. ஆய்வகத்தில் பல பாம்புகளின் விஷ நொதியை அது அடக்கியது. பிறகு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்புக்கடி நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சீக்கிரம் கொடுக்கப்பட்டவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறி தெரிந்தது. இன்னும் சோதிக்க வேண்டும். இன்று யார் இதைப் பாம்புக்கடி மாத்திரை என்று விற்றாலும் வாங்காதீர்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கருவேலங்காட்டில் கடி வாங்கியவர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு 108 ஏறும் நாள் வந்தால்? அந்த அக்காவின் நாலு மணி நேரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். நம்ம ஆட்கள். 2024-ல் மத்திய அரசு இதற்கென்று தேசியச் செயல்திட்டம் கொண்டுவந்தது. அதே வருடம் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் கணக்கு எடுத்தால் மட்டும் போதாது. அந்தந்த வட்டாரத்து விஷத்தை ஆராயப் பணமும் ஆளும் வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வருவார்? இப்படிச் சந்தையில் "அதுல என்ன இருக்கு" என்று கேட்கப்படும் பிள்ளைகளிலிருந்துதான்.

இனி அந்த அண்ணனுக்கு என் பதில்.

அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். பிஎஸ்சி முடித்ததும் கை நிறையச் சம்பளம் கிடைக்கும் படிப்பு இல்லை இது. எம்எஸ்சி, பிஎச்டி என்று இன்னும் ஏழெட்டு வருடம் இழுக்கும். உதவித்தொகை தாமதமாக வரும். செய்த சோதனை பத்தில் எட்டு ஊத்திக்கும். அந்தக் கஷ்டத்தை அறிந்து இறங்க வேண்டும்.

ஆனால் டாக்டர் சீட் கிடைக்காததால் கிடைத்த மிச்சம் என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். என் கையில் இருக்கும் ஊசிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்பவர்கள் அவர்கள்தான். நான் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைப் பார்ப்பேன். உங்கள் மகள் ஒரு நொதியைச் சரியாகப் புரிந்துகொண்டால், அவர் பார்த்தே இராத ஊர்களில் ஆட்கள் பிழைப்பார்கள்.

கடைசியாக, படிக்கும் எல்லோருக்கும். பாம்பு கடித்தால்:

கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள்.
கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.
பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை.
பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராக வாருங்கள். வேறு எங்கும் நின்றுவிட்டு வராதீர்கள்.

அடுத்த முறை சந்தையில் அந்த அண்ணனைப் பார்த்தால் நழுவ மாட்டேன். மகளையும் கூட்டி வரச் சொல்லுவேன். கண்ணாடிக் குழாயில் உறையாமல் ஓடிய அந்த ரத்தத்தைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.