அவசரக் கல்யாணமும் அரைகுறை அழைப்பும்

கல்யாணம் ஒன்றை மூன்று வாரத்துக்குள் நிச்சயித்து நடத்தி முடிப்பதை நான் குற்றமாகக் கருதவில்லை. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் மாப்பிள்ளைக்கு அவ்வளவு நாள்தான் விடுமுறை கிடைக்கிறது. படுக்கையில் கிடக்கும் பேரனார் பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறார். குடும்பத்தில் ஒரு இழப்பு நேர்ந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டிவரும் என்ற அச்சமும் சிலரை விரைவுபடுத்துகிறது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். நான் எதிர்ப்பது வேறொன்றை. அழைக்கும் முறையில் நாம் இன்று செய்யும் பாகுபாட்டை மறைக்க, 'அவசரம்' என்ற சொல்லைச் சாட்டாகப் பயன்படுத்துவதையே நான் எதிர்க்கிறேன்.

நடப்பது என்னவென்று வாசகர்களுக்குத் தெரியும். நாள் முடிவான அன்றிரவே வெளிநாட்டு உறவினர்களின் கைத்தொலைபேசிகளுக்கு ஒரு படம் பறக்கிறது. மணமக்கள் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தின் கீழ் திகதி மட்டும் இருக்கும். 'சேவ் த டேற்' என்று நமது இளைஞர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்கு நாடுகளில், தொலைவிலிருந்து வரவேண்டியவர்கள் முன்கூட்டியே ஆயத்தமாகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் தோன்றிய வழக்கம் அது. ஆனால் அந்தப் படம் வவுனியாவுக்கோ மட்டக்களப்புக்கோ ஹற்றனுக்கோ போவதில்லை. அங்கே இருப்பவர்களுக்குக் கல்யாணத்துக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது அழைப்பிதழ் வந்து சேரும். அதுவும் யாரோ ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுக்கப்பட்டு, அவர் போகிற வழியில் இறக்கிவிட்ட காட்டாக இருக்கும்.

அண்மையில் எனக்கும் அப்படியொரு அழைப்பிதழ் கிடைத்தது. நெருங்கிய உறவு. பெயர் சொல்லப் போவதில்லை. அழைப்பிதழ் என் கைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை, முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. அன்றிரவு பாரிஸில் இருக்கும் மைத்துனர் ஒருவரோடு பேசியபோது, தாம் ஐந்து வாரத்துக்கு முன்னரே பயணச்சீட்டு எடுத்துவிட்டதாக அவர் சொன்னார். நாள் குறித்த மறுநாளே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனது வீட்டிலிருந்து மணவீடு இரண்டு மணித்தியாலப் பயணத் தூரம். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் உடனே போய்ச் சேர்ந்த செய்தி, இந்த இரண்டு மணித்தியாலத் தூரத்தைக் கடக்க ஐந்து வாரம் எடுத்திருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் முதலாவது நியாயம், அவர்கள் விடுமுறை எடுக்க வேண்டும், பயணச்சீட்டுப் பதிய வேண்டும் என்பது. சரி. உள்ளூரில் இருப்பவர்கள் என்ன, திண்ணையில் காலாட்டிக்கொண்டா இருக்கிறார்கள்? 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி ஒருவருக்கு ஓராண்டில் கிடைப்பது 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் சமயோசித விடுமுறையுந்தான். புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கும் பிள்ளை அந்த ஏழு நாட்களை வைத்துத்தான் காய்ச்சலையும் செத்தவீட்டையும் கல்யாணத்தையும் சமாளிக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, வராத நாளுக்குச் சம்பளமே இல்லை. பரீட்சைக் காலத்தில் ஆசிரியருக்கு அதிபரிடம் அனுமதி பெறுவது இலேசான காரியமல்ல. ரொறன்ரோக்காரருடைய விடுமுறை மாத்திரம் விடுமுறை, இவர்களுடையது விடுமுறை இல்லையா?

பயணமும் அப்படித்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததை நாம் கொண்டாடினோம். ஆனால் நீண்ட விடுமுறை நாட்களில் அதில் ஆசனம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை முயன்று பார்த்தவர் அறிவார். நான்கு நாள் முன்னறிவித்தலில் கிளம்புகிற குடும்பம் இரவு பஸ்ஸில் கிடைத்த இடத்தில் நெரிந்துகொண்டு வரவேண்டும், அல்லது கடன்பட்டு வான் பிடிக்க வேண்டும். இரண்டும் முடியாதவர்கள் வரமாட்டார்கள். பின்னர், "சொல்லியும் வரவில்லை" என்ற பழியும் அவர்கள் தலையில்தான் விழும்.

இரண்டாவது நியாயம், "எல்லாம் உறுதியாகட்டும் என்று பார்த்திருந்தோம்" என்பது. இதை நம்புவதற்கு நமது கல்யாண ஏற்பாடுகளைப் பற்றி ஒன்றுமே தெரியாதவராக இருக்க வேண்டும். ஆடியும் மார்கழியும் நமக்கு ஆகாத மாதங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை வருவதோ ஆடி, ஆவணியில். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கொடியேறினால் 25 நாட்கள் திருவிழா. அதன்பின் எஞ்சுகிற சொற்ப முகூர்த்தங்களுக்கு ஊரெல்லாம் அடிபடுகிறது. இந்த நெருக்கடியில் மண்டபம் பதியாமல், மேளக்காரருக்கு முற்பணம் கொடுக்காமல், சமையற்காரரைப் பிடிக்காமல், படப்பிடிப்பாளரிடம் நாள் வாங்காமல் ஒரு கல்யாணமும் நடப்பதில்லை. காசு வாங்குபவர்களுக்குத் திகதி உறுதி. கைநனைக்க வரும் உறவுக்கு மட்டும் அது உறுதியாகவில்லையாம்!

மூன்றாவது நியாயந்தான் எல்லோரும் சொல்வது: "நேரம் கிடைக்கவில்லை." இதை நான் முற்றாக மறுக்கிறேன். பல ஆண்டுகள் பத்திரிகைக் காரியாலயங்களில் இரவுக் கடமை பார்த்தவன் நான். பக்கங்கள் அச்சுக்குப் போகிற நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து மரண அறிவித்தல் கொடுத்தவர்களை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டே அந்த அறிவித்தல்கள் முடியும். சாவு நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. ஆனாலும் ஒரு வீட்டில் அதிகாலை உயிர் பிரிந்தால் மாலைக்குள் ஊருக்கும் அயலூருக்கும் கடல் கடந்த உறவுக்கும் செய்தி போய்விடுகிறது. வானொலி சொல்லும், பத்திரிகை சொல்லும், ஒருவர் மற்றவருக்குச் சொல்வார். யாரும் யாரையும் தரம் பிரித்துச் சொல்வதில்லை. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் செத்தவீட்டைச் சொல்ல முடிந்த நமக்கு, மூன்று வாரத்தில் கல்யாண வீட்டைச் சொல்ல நேரமில்லை என்றால் அதை யார் ஏற்பது?

ஆகவே இங்கே குறைவாக இருப்பது நேரம் அல்ல, மதிப்பு. யார் வந்தால் சபைக்கு அழகு, யார் வந்தால் இலைக்குச் செலவு என்ற கணக்கு நமது மனத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறோம், காலத்தால் சொல்லிவிடுகிறோம். வரவேண்டியவருக்கு முந்திச் சொல்கிறோம். வராவிட்டாலும் பரவாயில்லை என்பவருக்குப் பிந்திச் சொல்கிறோம்.

பழைய காலத்தில் எல்லாம் செம்மையாக இருந்தது என்று நான் பஜனை பாட வரவில்லை. கணவனும் மனைவியும் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய்ச் சொன்ன அதே யாழ்ப்பாணத்தில், சிலருக்கு விறாந்தையில் இருந்து சொன்னார்கள். சிலருக்குப் படலையடியில் நின்று சொன்னார்கள். சிலருக்குச் சொல்லவே இல்லை, வேலைக்கு வரும்படி ஆளனுப்பினார்கள். சாதியும் வசதியும் அழைப்பின் இடத்தைத் தீர்மானித்தன. அந்தப் படலையை நாம் உடைத்துவிட்டதாகப் பெருமை பேசுகிறோம். அது வட்ஸ்அப்புக்குள் குடிபுகுந்திருக்கிறது என்பதே எனது குற்றச்சாட்டு. அன்று தூரத்தில் நிறுத்தி வைத்தார்கள். இன்று நாட்களைக் குறைத்து நிறுத்தி வைக்கிறோம்.

இதைவிடக் கடினமான காலங்களில் இதைவிட ஒழுங்காக நாம் அழைத்திருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த பின்னர், தென்மராட்சியில் ஒண்டியிருந்த வீடுகளிலும் கல்யாணங்கள் நடக்கத்தான் செய்தன. தொலைபேசி இல்லை, மண்டபம் இல்லை, அச்சகம் இல்லை. சைக்கிளில் போய்ச் சொன்னார்கள். கண்ட இடத்தில் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் கொரோனாத் தொற்றுக் காரணமாகத் திருமண வைபவங்கள் தடைசெய்யப்பட்டபோது, அழைத்த அத்தனை பேருக்கும் மறுபடி அழைப்பெடுத்து, "வரவேண்டாம், அங்கிருந்தே வாழ்த்துங்கள்" என்று சொன்ன பெற்றோரை நான் அறிவேன். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் இந்நாட்டில் பத்திரிகைகளே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்த வேண்டிவந்தது. அந்நாட்களில் காட் அடிக்க வழியில்லாமல் வாயால் அழைத்த கல்யாணங்களுக்குச் சனம் வராமலா விட்டது?

அரசாங்கத்தின் சட்டத்துக்கும் இந்த விவேகம் இருக்கிறது. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், விவாகத்துக்கு முன்னர் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கும்படி கேட்கிறது. அவசரமானவர்களுக்கு விசேட அனுமதிப்பத்திரம் என்ற வழியையும் வைத்திருக்கிறது. விரைவாக முடிக்கலாம், ஆனால் அறிவிக்காமல் முடிக்க முடியாது என்பதே அதன் சாரம். பதிவாளருக்குக் கொடுக்கும் மரியாதையைச் சித்தப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் கொடுத்தால் என்ன?

குறை சொல்வதோடு நின்றுவிடக்கூடாது என்பதனால், குறுகிய காலக் கல்யாணத்துக்கு எப்படிச் சொல்லலாம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரமே இருக்கும்போது முன்னறிவிப்பு ஒன்று, பின்னர் அழைப்பிதழ் ஒன்று என்ற இரண்டு வேலை வேண்டியதில்லை. நாள் முடிவானதும் அன்றைக்கே இரு வீட்டாரும் இருந்து பெயர்ப்பட்டியலை எழுதி முடிக்க வேண்டும். தாய்மாமனில் தொடங்கி, இரு பக்கத்து மூத்தவர்களுக்கும் பெற்றோரே தொலைபேசியில் பேச வேண்டும். ஒருவர் நாளுக்கு இருபது பேருடன் பேசினால் ஐந்து நாளில் நூறு வீடு. இரு வீட்டிலும் இரண்டிரண்டு பேர் பேசினால் நானூறு வீடு. எஞ்சியோருக்கு அதே நாட்களில் எழுத்துச் செய்தி போகலாம். அதில் மணமக்கள் பெயர், திகதி, முகூர்த்த நேரம், மண்டபத்தின் இடம், வருகையை யாரிடம் எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற ஐந்து விபரமும் இருக்க வேண்டும். சிரிக்கும் படம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. கூட்டுக் குழுவில் ஒரேயடியாகப் போட்டுவிட்டு, சொல்லியாயிற்று என்று இருக்கக்கூடாது. பெயர் விளித்துத் தனித்தனியே அனுப்ப வேண்டும். வெளிநாடு, உள்நாடு என்று இரண்டு நாள் வேண்டாம். ஒரே நாளில் எல்லோருக்கும் போகட்டும். அச்சடித்த காட் பின்னால் ஆறுதலாக வரட்டும். அது பூசையறையில் வைப்பதற்கும் நினைவாகக் காப்பதற்கும் உரியது. செய்தி சொல்லும் கடமையை அதன் தலையில் கட்டவேண்டாம்.

அழைக்கப்படுவோரிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. "வீட்டுக்கு வந்து சொல்லாத கல்யாணத்துக்குப் போகமாட்டோம்" என்று முறுக்கிக்கொண்டு நிற்கும் பெரியவர்கள் சிலர் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். மூன்று வாரத்தில் கல்யாணம் வைத்திருக்கும் தகப்பன் நானூறு வீட்டுப் படி ஏறவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. இந்தப் பிடிவாதத்துக்குப் பயந்துதான் பலர் தொலைபேசியில் சொல்வதைத் தவிர்க்கிறார்கள். நேரில் போகலாம் என்று தள்ளிப்போட்டு, ஈற்றில் நான்கு நாளில் காட்டை எறிந்துவிட்டுப் போகிறார்கள். உரிய காலத்தில் வாயால் சொன்ன அழைப்பை, நேரில் வந்து சொன்னதாகவே ஏற்கும் பெருந்தன்மை நமக்கு வேண்டும். வருவோமா இல்லையா என்பதைக் கேட்ட நாளுக்குள் சொல்லிவிடும் ஒழுக்கமும் வேண்டும். இருநூறு இலைக்குச் சமைத்து நூற்றியிருபது பேர் வந்தால் எறியப்படுவது யாருடைய பணம்?

நமது சனம் கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் சிதறிப் போனது. நன்மை தின்மைகளில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். இங்கே தங்கிவிட்டவர்கள் போகாமல் நின்றதற்காகப் பெரிய சலுகை எதையும் கேட்கவில்லை. போனவர்களுக்குச் சொல்லும் நாளிலேயே தங்களுக்கும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். அடுத்த ஆவணியில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், முதல் அழைப்பை எடுப்பதற்கு முன் பட்டியலை ஒருமுறை பார்த்து, யாருக்குக் கடைசியாகச் சொல்ல இருக்கிறோம், ஏன் என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும்.