கல்லூரி கப் ஜெயிச்சா ஐஎஸ்எல் ஆட முடியுமா? பர்கூர் பக்கத்து வீரர்களுக்கு வழி எங்கே அடைபடுகிறது?

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரியிலோ நன்றாக கால்பந்து ஆடும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். வயது 20. அடுத்த வருடம் ஓசூர் கம்பெனிகளின் கேம்பஸ் இன்டர்வியூ வரும். வீட்டில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அவர் மனசில் ஓடுவது வேறு கேள்வி: ஒரு வருடம் முயற்சி பண்ணினால் புரொஃபஷனல் வீரராக முடியுமா?

இதற்கு 'திறமை இருந்தால் முடியும்' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் சிக்கல் திறமையில் மட்டும் இல்லை. விளக்கமாகப் பார்க்கலாம்.

கல்லூரி கால்பந்து எங்கே போய் முடிகிறது?

இந்தியாவில் கல்லூரி விளையாட்டு ஒரு தனித் தடம். பர்கூர் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடக்கும். அதில் தெரிபவர்கள் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள். அதன் பிறகு தென் மண்டலம், அகில இந்தியப் போட்டி. இவற்றை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் இதே தடத்தில்தான் வருகின்றன.

புரொஃபஷனல் கால்பந்து ஓடுவது வேறு தடத்தில். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு, மாநில சங்கம், மாவட்ட சங்கம், பதிவு பெற்ற கிளப்புகள் என்று அது தனி உலகம். ஒரு வீரர் கிளப்பில் பதிவாகி, லீக்கில் ஆடினால்தான் அந்த உலகத்தில் அவருக்குக் கணக்கு தொடங்கும்.

இந்த இரண்டு தடங்களையும் இணைக்கும் நிரந்தரமான பாலம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரி வீரர்களை மேஜர் லீக் கிளப்புகள் வருடாவருடம் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' முறை உண்டு. ஐஎஸ்எல் கிளப்புகளுக்கு அப்படி ஒரு கல்லூரித் தேர்வு கிடையாது.

வயசு ஏன் இவ்வளவு முக்கியம்?

கிளப்புகள் இன்று வீரர்களைத் தேடுவது அகாடமிகளில். 13, 15, 17 வயதுக்குட்பட்டோருக்கான லீக்குகளில் ஆடி வளர்ந்தவர்கள் முன்னால் நிற்கிறார்கள். 2022-ல் தொடங்கிய ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக்கும் முக்கியமாக 21 வயதுக்குட்பட்டவர்களை மனதில் வைத்து நடத்தப்படுவதுதான். பொறியியல் படிப்பை முடித்து வெளியே வரும்போது நம்ம மாணவருக்கு 21 அல்லது 22 ஆகிவிடும். அவர் ஆட்டம் முதிரும் நேரத்தில் இளைஞர் அணிகளின் கதவு மூடிக்கொள்கிறது. நேராக சீனியர் அணியில்தான் இடம் கேட்க வேண்டும்.

அங்கே எத்தனை இடம்? 2025-26 ஐஎஸ்எல்-ல் 14 கிளப்புகள். 2021-22 சீசனில் வந்த விதிப்படி ஒரு அணி களத்தில் 4 வெளிநாட்டவர் வரை இறக்கலாம். அந்தக் கணக்கில் ஒரு அணிக்கு 7 இந்தியர்கள் உறுதி. 14 அணிக்கும் சேர்த்து 98 பேர். நாடு முழுக்க இருக்கும் வீரர்கள் மோதுவது கிட்டத்தட்ட இந்த எண்ணிக்கைக்காகத்தான்.

அப்போ யாருமே போனதில்லையா?

போயிருக்கிறார்கள். ஆனால் எப்படிப் போனார்கள் என்பதைக் கவனிக்கணும்.

2022 ஏப்ரலில் மஞ்சேரியில் நடந்த சந்தோஷ் டிராபி அரையிறுதி. கேரளா, கர்நாடகாவை 7-3 என்று வென்றது. மாற்று வீரராக இறங்கி 5 கோல் அடித்தவர் டி.கே. ஜெசின். மம்பாடு எம்இஎஸ் கல்லூரி மாணவர். அதே வருடம் ஈஸ்ட் பெங்கால் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் அவரை நாட்டுக்குக் காட்டியது கல்லூரி கோப்பை அல்ல. அவர் ஏற்கெனவே கேரளா யுனைடெட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து மாநில அணி. அங்கிருந்து கொல்கத்தா.

நம்ம ஊர் உதாரணம் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை மீனவ கிராமத்துக்காரர். சென்னை சிட்டி எஃப்சிக்காக ஐ-லீக் ஆடி, 2017-18 சீசனின் சிறந்த நடுக்கள வீரர் விருது பெற்றார். அடுத்து ஜாம்ஷெட்பூர், பிறகு ஏடிகே என ஐஎஸ்எல்-க்குள் போனார்.

அந்த சென்னை சிட்டி 2018-19-ல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. இப்போது அது தேசிய லீக்கில் இல்லை. தமிழக வீரர்களுக்கு ஐஎஸ்எல்-க்கு ஒரு படி கீழே இருந்த ஏணி அப்படியே காணாமல் போனது. கேரளாவில் நிலைமை வேறு. 2024-ல் 6 அணிகளோடு சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. உள்ளூர் வீரருக்கு அங்கே கூடுதலாக ஒரு படி கிடைத்திருக்கிறது.

கல்லூரியே கிளப் நடத்தினால்?

அதற்கும் தமிழ்நாட்டில் முன்னுதாரணம் இருக்கிறது. சேது பொறியியல் கல்லூரிப் பின்னணியில் உருவான மதுரை சேது எஃப்சி, 2019-ல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. படிப்பும் பதிவு பெற்ற கிளப்பும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டு தடங்களும் சேரும் என்பதற்கு இது சாட்சி. ஆண்கள் கால்பந்தில் அரசுக் கல்லூரிகளுக்கும் மாவட்ட லீக்குக்கும் இடையே இந்த இணைப்பைக் கொண்டுவர பெரிய ஸ்டேடியம் தேவையில்லை. கல்லூரி அணியை மாவட்ட சங்கத்தில் ஒரு அணியாகப் பதிவு செய்வதே முதல் படி.

வேலையா, பந்தா?

இங்கேதான் முடிவெடுப்பது கஷ்டம். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிச் சான்றிதழ் அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கணக்கில் வரும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் இந்த ஒதுக்கீடு 3 சதவீதம். அதாவது, கல்லூரி கால்பந்து வேலைக்கு வழி காட்டும். கிளப்புக்கு வழி காட்டாது.

வேலை கிடைத்தாலும் இரண்டையும் ஒன்றாக இழுப்பது லேசு இல்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர் சி.கே. வினீத், போதிய வருகைப்பதிவு இல்லை என்று 2017-ல் கணக்காயர் அலுவலக வேலையை இழந்தார். அப்போது அவர் இந்திய அணி வீரர். பிறகு கேரள அரசு அவருக்கு வேலை கொடுத்தது.

கிளப் ஒப்பந்தமும் நிரந்தரம் அல்ல. கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல்-ஐ நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் போடப்பட்ட 15 வருட ஒப்பந்தம் முடியப்போன நிலையில், 2025 ஜூலையில் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி, சென்னையின் எஃப்சி இரண்டுமே முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தன. பர்கூர்க்காரர்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐஎஸ்எல் கிளப்புகள் இவைதான். சுருக்கப்பட்ட சீசன் கடைசியில் 2026 பிப்ரவரி 14-ல் தான் தொடங்கியது.

இப்போ என்ன செய்யலாம்?

முதலில், இறுதியாண்டு வரை காத்திருக்க வேண்டாம். முதலாம் ஆண்டிலேயே லீக்கில் ஆடும் ஒரு கிளப்பில் முறைப்படி பதிவு செய்யுங்கள். எந்த கிளப், எந்த காலம் வரை என்று படித்துப் பார்த்துக் கையெழுத்து போடுங்கள்.

இரண்டாவது, சென்னையா பெங்களூரா என்பதை யோசித்து முடிவெடுங்கள். பர்கூரிலிருந்து பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர். சென்னை அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பெங்களூருவில் பல டிவிஷன்கள் கொண்ட லீக் இருக்கிறது. ஆனால் சந்தோஷ் டிராபியில் ஒரு சீசனுக்கு ஒரு மாநிலத்துக்குத்தான் ஆட முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, முழு ஆட்ட வீடியோக்களைச் சேர்த்து வையுங்கள். கோல் அடித்த 30 விநாடி ரீல்ஸ் மட்டும் போதாது. பந்து காலில் இல்லாதபோது எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் பயிற்சியாளர்கள் பார்ப்பார்கள்.

நான்காவது, 'ட்ரயல்ஸ்' பெயரில் முன்பணம் கேட்டால், அந்த கிளப்பின் அதிகாரபூர்வ பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் என்று சொல்பவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

டிகிரியை விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. ஜெசின் கல்லூரியில் படித்துக்கொண்டேதான் கிளப்பில் ஆடினார். பர்கூர் மாணவருக்கும் தேவைப்படுவது அதே வசதிதான்: திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு, வார இறுதியில் பெயர் பதிவாகும் ஒரு லீக் ஆட்டம். அந்த லீக்கை மாவட்டத்திலேயே ஒழுங்காக நடத்தினால், மாணவர்கள் வேலையா பந்தா என்ற கேள்விக்கு 20 வயதிலேயே பதில் சொல்ல வேண்டியிருக்காது.