டெஸ்க்டாப்பில் அம்பேத்கர் இருந்தால் யாருக்கு உறுத்துகிறது?

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் ஒருவருக்கு மூத்த ஆய்வாளர்கள் சொல்லும் அறிவுரைகள் எல்லாத் துறைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்லைடில் எழுத்தைப் பெரிதாக வை. கோப்பை இரண்டு பென்டிரைவில் எடுத்துக்கொள். புறத்தேர்வாளர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது ஆய்வேட்டில் காட்டியிரு. எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் இந்தப் பட்டியலில் கூடுதலாக ஒரு வரி உண்டு: லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டுவதற்கு முன் டெஸ்க்டாப் படத்தை மாற்றிவிடு.

'எங்களைப் போன்றவர்கள்' யார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாற்ற வேண்டிய படம் யாருடையது என்பதையும் விளக்க வேண்டியதில்லை.

இந்த அறிவுரையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நம் தோழர்களே. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஐந்தாறு ஆண்டு உழைப்பு ஒரு படத்தால் சிக்கலில் மாட்டக் கூடாது என்ற பயம் அது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாற்காலி வரிசையில் யார் யார் உட்காரப்போகிறார்கள், அவர்கள் என்ன சாதி, எதைப் பார்த்தால் முகம் மாறும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் வேலை ஏன் ஒரு சாராருக்கு மட்டும் வந்து சேர்கிறது என்பதுதான் என் கேள்வி.

டெஸ்க்டாப் படம் என்பது அவரவர் சொந்த விஷயம் என்று தோன்றலாம். ஆய்வு மாணவருக்கு அது அப்படி இருப்பதில்லை. டாக்டோரல் கமிட்டிக் கூட்டம், கருத்தரங்கு, பொது வாய்மொழித் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் சொந்த லேப்டாப்பைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். கேபிளைச் செருகியதும் நம் திரை சுவரில் விரிகிறது. பவர்பாயிண்ட் திறக்கும் வரை, கேபிள் சரியில்லை என்றால் யாராவது ஓடிப்போய் வேறு கேபிள் எடுத்து வரும் வரை, அந்தப் படம்தான் ஆறடி அகலத்தில் நின்றுகொண்டிருக்கும். அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் பார்க்க வேறு எதுவும் இல்லை.

என் டெஸ்க்டாப்பில் பல ஆண்டுகளாக இருப்பது அண்ணல் அம்பேத்கர் மேசையில் அமர்ந்து எழுதும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். விரல் நீட்டி நிற்கும் படம்கூட அல்ல. வேலை ஓடாத நாட்களில் எதிரே ஒருவர் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கும் எழுத வரும். அதற்காக வைத்த படம்.

ஒரு கமிட்டிக் கூட்டத்தில் அது சுவரில் விரிந்தது. வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் சிறிது நேரம் பார்த்தார். "சொந்த ஊர் எதும்மா?" என்றார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" அதற்கும் பதில் சொன்னேன். "ஃபெல்லோஷிப் வருதுல்ல, அப்புறம் என்ன" என்றார். விவசாயக் கூலி பற்றி மூன்று கிராமங்களில் ஓராண்டு அலைந்து சேர்த்த தரவுகளைப் பற்றி அவர் கேட்டது அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி. அன்று எனக்கு அடுத்துப் பேசியவரின் திரையில் பழனி முருகன் இருந்தார். அவரிடம் யாரும் ஊர் கேட்கவில்லை. இன்னொருவர் தன் சாதிக்காரர்கள் சொந்தம் கொண்டாடும் ஒரு மன்னரை வாளோடு வைத்திருந்தார். "நல்ல படம்" என்று பாராட்டு கிடைத்தது.

கூட்டம் முடிந்ததும் என் நெறியாளர் தனியே அழைத்தார். நல்ல மனிதர்தான். "தப்பா எடுத்துக்காதம்மா. பொதுவா ஏதாவது ஒரு படம் வச்சுக்கக் கூடாதா?" என்றார்.

இந்தப் 'பொதுவா' என்ற சொல்லை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊர்ப் பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு என்று எத்தனையோ 'பொது'க்களை நம் பாட்டன் பாட்டிகள் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். மகாத் நகரின் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று அந்த ஊர் நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போய்த்தான் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ள முடிந்தது. அதற்காக அன்று அடியும் வாங்கினார்கள். நம் ஊரில் 'பொது' என்று சொன்னால் நம்மைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்கள் என்றுதான் நெடுங்காலம் பொருள். முருகன் பொதுவாகவும் அம்பேத்கர் சாதியாகவும் தெரிவது அதே கழித்தல் கணக்கால்தான்.

சரி, இயற்கைக் காட்சி பொதுதானே என்று கேட்கலாம். உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த டெஸ்க்டாப் படங்களில் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பி-யில் வந்த பச்சைக் குன்று. 2001-க்குப் பிறகு கணினியைத் தொட்ட எல்லோருக்கும் அது தெரியும். நான் முதன்முதலில் பள்ளியில் பார்த்த கணினியிலும் அதுதான் இருந்தது. சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996-ல் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் எடுத்த படம் அது. அங்கே திராட்சை பயிரிட்டிருந்தார்கள். பூச்சி தாக்கியதால் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு முளைத்த புல்தான் அந்தப் பச்சை. திராட்சைக் கொடி இல்லை, அதை நட்டவர் இல்லை, பறித்தவர் இல்லை. வேலை செய்த ஒரு கைகூட இல்லாத நிலம்தான் உலகம் முழுவதற்கும் 'பொதுவான' படமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் குன்றின் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அழகான படம்தான். ஆனால் நெற்களத்தில் நின்ற ஒரு தாயின் மகளான எனக்கு, ஆளில்லாத வயலைப் பார்த்தால் ஆட்கள் எங்கே என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்தை மாற்றும் உரிமைகூட எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததில்லை. விண்டோஸ் 7-இல் 'ஸ்டார்ட்டர்' என்று ஒரு பதிப்பு இருந்தது. விலை குறைந்த சின்ன நெட்புக்குகளில் போட்டுத் தருவார்கள். அதில் டெஸ்க்டாப் படத்தை மாற்ற முடியாது. அந்த வசதியே எடுக்கப்பட்டிருந்தது. அதிகப் பணம் கொடுத்து மேல் பதிப்பை வாங்கியவருக்குத்தான் தன் திரையில் தனக்குப் பிடித்தவரை வைத்துக்கொள்ளும் உரிமை. இன்றைக்கும் அலுவலகக் கணினிகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் நிர்வாகி நினைத்தால் பின்னணிப் படத்தைப் பூட்டிவிடலாம். யார் இயந்திரத்துக்கு உரிமையாளரோ அவர் வைத்ததுதான் படம்.

அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகவே தெரியும். உத்தரப் பிரதேசத்தில் 2013-ல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களைத் திறந்தால் டெஸ்க்டாப்பில் முலாயம் சிங்கும் அகிலேஷும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில்தான் எனக்கும் முதல் கணினி கிடைத்தது. அந்தத் திட்டம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை எழுதும் இடத்துக்கு நான் வந்திருப்பேனா தெரியாது. அதன் மூடியில் முதல்வர் படம் இருந்தது. வகுப்பில் வரிசையாக எல்லோர் மேசையிலும் அந்த முகம். ஒரு பேராசிரியர்கூட "பொதுவா ஒரு படம் ஒட்டிக்கோ" என்று எங்களிடம் சொன்னதில்லை.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும். அதை நேராகவே எடுத்துக்கொள்வோம். பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று 2019-ல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், 2024-ல் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடுக்கச் சொன்னது. அதை வரவேற்கும் நீங்களே அம்பேத்கர் படத்தை மட்டும் திரையில் வைக்கலாமா, அதுவும் அடையாளம்தானே என்பார்கள்.

கயிறு எதற்குக் கட்டப்படுகிறது? நான் இன்ன சாதி, நீ எனக்குக் கீழே என்று பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்குச் சொல்வதற்கு. அம்பேத்கர் படம் அப்படி யாரையும் கீழே நிறுத்துவதில்லை. சாதியை ஒழிக்க வேண்டும் என்று 1936-ல் புத்தகம் போட்டவர் அவர். தான் எழுதிய உரையை மாற்றச் சொன்னதற்காக, லாகூரில் அழைத்தவர்களின் மாநாடே வேண்டாம் என்று இருந்தவர். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர். அவர் முகத்தில் ஒருவருக்குச் சாதி தெரிகிறது என்றால், அதைப் பார்ப்பவர்தான் கொண்டு வருகிறார். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இதே படத்தை ஆதிக்க சாதியில் பிறந்த என் நண்பர் ஒருவர் தன் லேப்டாப்பில் வைத்திருக்கிறார். அவரை 'முற்போக்காளர்' என்கிறார்கள். நான் வைத்தால் 'காலனியா?' என்கிறார்கள். படம் ஒன்றுதான்.

இந்தக் குழப்பம் பல்கலைக்கழகத்தோடு நிற்பதில்லை. 2023 ஜூலையில் நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்கள் தவிர வேறு படங்கள் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றப் பதிவாளர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அம்பேத்கர் படம் அகற்றப்படாது என்ற விளக்கம் வந்தது. அவர் எழுதித் தந்த சட்டத்தை வைத்து நடக்கும் இடத்திலேயே அவர் படத்துக்கு விளக்கம் தேவைப்பட்டது. தெருவில் அவர் சிலைகளைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது.

நம் கைப்பொருளில் நாம் எதை வைக்கிறோம் என்பதற்காக உயிரே போயிருக்கிறது. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவரின் செல்போன் ஒலித்தது. ரிங்டோன் அம்பேத்கரைப் பற்றிய பாடல். அதை நிறுத்தச் சொல்லித் தகராறு செய்து, அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள். அதற்கு அடுத்த ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோகித் வெமுலா, தன் பொருட்களோடு அம்பேத்கர் படத்தையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததை நாம் அறிவோம். ஆகவே 'ஒரு படம்தானே, மாற்றினால் என்ன' என்று சொல்பவர்கள், அது அவ்வளவு சின்ன விஷயம் என்றால் ஏன் எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது நம் தரப்புத் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தை மாற்றிக்கொண்டு வாய்மொழித் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளைக் கோழை என்று பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். முதல் தலைமுறையாகப் படித்து வந்து, வீட்டில் கடன் இருக்க, ஃபெல்லோஷிப் மாதக்கணக்கில் வராமல் இழுக்க, நெறியாளரின் ஒரு கையெழுத்தில் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் பச்சைக் குன்றை வைத்துக்கொண்டால் அவர் கொள்கை குறைந்துவிடாது. காட்டவும் காட்டாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் படம் வைப்பதே போராட்டம் என்றும் நான் சொல்ல வரவில்லை. முருகனை வைத்திருப்பவர் யோசிக்காமல் வைத்திருக்கிறார். நாமும் ஒரு நாள் அப்படி யோசிக்காமல் வைத்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதுதான் கேட்பது.

இதில் செய்யக்கூடியவை இருக்கின்றன. உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதிமுறைகள் கொண்டுவந்தது. ஆனால் 'பொதுவா ஒரு படம் வச்சுக்கோ' என்ற வார்த்தைக்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது, புகார் எழுதினால் கேட்பவர் சிரிப்பார். அதனால் துறை அளவில் ஒரு ஏற்பாடு வேண்டும். தேர்வு அறைக்குத் துறையே ஒரு கணினியை வைக்கட்டும். எல்லோரும் அதிலிருந்தே பேசட்டும். அல்லது எல்லோரும் அவரவர் லேப்டாப்பையே கொண்டு வரட்டும்; அதில் எந்தப் படம் இருந்தாலும் யாரும் வாய் திறக்க வேண்டாம். எந்த விதியானாலும் முருகனுக்கும் மன்னருக்கும் அம்பேத்கருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறத்தேர்வாளர் உங்கள் மாணவியிடம் "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்கும்போது நீங்களும் அதே மேசையில்தான் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்த பிறகு மாணவியைத் தனியே அழைத்து அறிவுரை சொல்லும் நேரத்தில், அந்த இடத்திலேயே "ஐயா, ஆய்வைப் பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். உங்களுக்கு அதனால் வேலை போகாது.